நன்றாகப் படிக்கிற பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது?

(ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் பெற்றோரும் பள்ளி ஆசிரியர்களும் கூடிய அரங்கில் ஒரு சிறப்பாசிரியர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பள்ளிச் சேர்க்கைக் காலம் வந்துவிட்டால் என்னைத் தேடி வரும் பெற்றோரில் பலரும் ஏறத்தாழ ஒரே கேள்வியோடு வருகிறார்கள். "மேடம், பையன் ரொம்ப ப்ரைட். மூணு வயசிலேயே பஸ் போர்டு எல்லாம் படிச்சான். விம்கோ நகர்ல இருந்து ஏர்போர்ட் வரைக்கும் மெட்ரோ ஸ்டேஷன் பேரெல்லாம் வரிசையாச் சொல்லுவான். நார்மல் ஸ்கூல்ல போட்டுடலாம்தானே?" அந்தத் 'தானே'யில் ஒரு கெஞ்சல் இருக்கிறது. ஆமாம் என்று சொல்லிவிடுங்கள் என்று அவர்களுடைய கண் கேட்கும். நானும் பெரும்பாலும் ஆமாம் என்றுதான் சொல்கிறேன். ஆனால் அவர்கள் சொல்லும் காரணத்தை நான் ஒப்புக்கொள்வதில்லை. பையன் கெட்டிக்காரன் என்பது இந்த முடிவுக்கு உதவாத தகவல். பல வீடுகளில் முடிவைக் கெடுப்பதும் அதுதான். இன்று நான் பேச வந்தது இதைப் பற்றி.

மெட்ரோ நிலையங்களை வரிசையாகச் சொல்லும் அதே பையனைப் பள்ளியில் பாருங்கள். தண்ணீர் பாட்டிலின் மூடி இறுகிக்கொண்டால் மிஸ்ஸிடம் போய்த் திறந்து தரச் சொல்ல அவனுக்குத் தெரியாது. மதியம் வரை தாகத்தோடு உட்கார்ந்திருப்பான். ஒரு கதையைப் பிழையில்லாமல் கடகடவென்று வாசிப்பான். நரி ஏன் அப்படிச் செய்தது என்று கேட்டால் கதையின் முதல் வரியைத் திரும்பச் சொல்வான். ஆட்டிசத்தில் திறமைகள் ஒன்றோடொன்று கைகோத்து வளர்வதில்லை. வாசிப்பு இரண்டு வகுப்பு முன்னே போயிருக்கும், பேச்சு இரண்டு வகுப்பு பின்னே நிற்கும், மணியோசையைத் தாங்கும் சக்தி இன்னும் பின்னே இருக்கும். இதில் எந்த அளவை வைத்து அவனை எடை போடுவது?

கெட்டிக்காரக் குழந்தைக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. மெதுவாகக் கற்கும் குழந்தைக்குப் பள்ளியில் கொஞ்சம் இரக்கமாவது கிடைக்கிறது. கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கும் குழந்தைக்கு அதுவும் கிடைப்பதில்லை. "இவ்வளவு தெரிஞ்சவனுக்கு லைன்ல நிக்கத் தெரியாதா? வேணும்னே பண்றான், திமிர்" என்று ஆசிரியர் நினைக்கிறார். வீட்டில் அப்பாவும் அதையே நினைக்கிறார். இப்படி, இயலாமைக்காகத் தண்டனை வாங்கும் பிள்ளைகளில் முதல் வரிசையில் நிற்பவர்கள் நன்றாகப் படிக்கும் ஆட்டிசப் பிள்ளைகள்தான். இதை இங்கே வந்திருக்கும் ஆசிரியர்கள் தயவுசெய்து மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு பழைய கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மருத்துவ வரலாற்றில் ஆட்டிசம் என்று முதன்முதலாக எழுதப்பட்ட குழந்தையின் கதை. லியோ கானர் என்ற மருத்துவர் 1943-இல் பதினொரு குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அதில் முதல் குழந்தை டொனால்ட் ட்ரிப்லெட். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்ற சின்ன ஊரில் 1933-இல் பிறந்தவர். மிகச் சின்ன வயதிலேயே நூறு வரை எண்ணுவார், ஆங்கில எழுத்துகளை முன்னிருந்து பின்னும் பின்னிருந்து முன்னும் சொல்வார். ஆனால் அம்மா பக்கத்தில் வந்தாலும் திரும்பிப் பார்க்க மாட்டார். நாலு வயது நிரம்பும் முன்பே, மருத்துவர் சொன்னார் என்று, அவரை ஒரு விடுதியில் கொண்டுபோய் விட்டார்கள். ஓராண்டு போல அங்கே இருந்தார். பெற்றோருக்கு மனம் கேட்கவில்லை. 1938-இல் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார்கள். மகனைப் பற்றி அப்பா 33 பக்கம் கடிதம் எழுதினார்; பிறகு பால்டிமோரில் இருந்த கானரிடம் அவரைக் கூட்டிப் போனார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நமக்கு வேண்டியது. டொனால்டுக்கு எட்டு, ஒன்பது வயதானபோது ஊருக்குச் சில மைல் தள்ளி இருந்த ஒரு விவசாயத் தம்பதியிடம் அவரை வளரவிட்டார்கள். அங்கிருந்து ஒரு கிராமத்துப் பள்ளிக்குப் போய்வந்தார். 1945-இல் கானர் அந்தப் பண்ணைக்கே போய்ப் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறார். டொனால்டுக்கு எதையாவது அளந்துகொண்டே இருக்க வேண்டும். அந்த விவசாயி அவரைக் கிணறு வெட்ட வைத்து, ஆழம் எவ்வளவு என்று சொல்லச் சொன்னார். டொனால்ட் செத்த பறவைகளையும் பூச்சிகளையும் பொறுக்கிச் சேர்ப்பார். அவற்றைப் புதைக்க விவசாயி ஓர் இடம் கொடுத்தார். மக்காச்சோள வரிசைகளை ஓயாமல் எண்ணிக்கொண்டிருந்தபோது, எண்ணாதே என்று அதட்டவில்லை. உழுதுகொண்டே எண்ணு என்று ஏரைக் கையில் கொடுத்தார். கானர் பார்த்தபோது டொனால்ட் குதிரையையும் கலப்பையையும் தானே ஓட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கிராமத்துப் பள்ளி அவருடைய விசித்திரங்களை ஏற்றுக்கொண்டது, படிப்பிலும் முன்னேறினார்.

அப்போது சிறப்புக் கல்வி என்ற படிப்பு அந்த ஊர்களில் யாருக்கும் தெரியாது. மாற்றுத்திறன் குழந்தைகளுக்கும் பொதுப் பள்ளியில் கல்வி என்ற அமெரிக்கச் சட்டம் வந்தது 1975-இல், முப்பது ஆண்டுகள் கழித்து. டொனால்ட் சொந்த ஊர் உயர்நிலைப் பள்ளியில் படித்து முடித்தார். 1958-இல் கல்லூரிப் பட்டம் வாங்கினார், ஊர் வங்கியில் வேலை பார்த்தார், கார் ஓட்டினார், கோல்ஃப் விளையாடினார், தனியாகப் பல நாடுகளுக்குப் பயணம் போனார். 2023-இல், 89 வயதில் காலமானார்.

இதைக் கேட்டு, அப்படியானால் எல்லாக் குழந்தைகளையும் வழக்கமான பள்ளியில் சேர்த்தால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். டொனால்டின் குடும்பம் வசதியானது. அவர் வேலை பார்த்த வங்கி அம்மா வழிக் குடும்பத்துடையது. ஊர் அவரைப் பொறுத்துக்கொண்டதில் அந்தச் செல்வாக்குக்கும் பங்கு இருந்திருக்கும். ஆனால் கானர் 1971-இல் அந்தப் பதினொரு பேரும் என்ன ஆனார்கள் என்று தேடிப் பார்த்தபோது கண்டது ஒன்றை மறக்கக் கூடாது. வாழ்நாளின் பெரும்பகுதியை அரசு மனநலக் காப்பகங்களில் கழித்த நான்கு பேரும், உள்ளே போன கொஞ்ச காலத்திலேயே தங்கள் ஒளியை இழந்திருந்தார்கள். சின்ன வயதில் அவர்களுக்கும் திறமைகள் இருந்தன. அந்தத் திறமைகளுக்கு அங்கே வேலை இல்லை, அவ்வளவுதான்.

அதனால்தான் என் முதல் நிலைப்பாடு இது: படிப்பில் பசி உள்ள குழந்தைக்கு வழக்கமான பள்ளியின் பாடம் வேண்டும். நம் சிறப்புப் பள்ளிகள் பலவற்றில் பல் துலக்குவதும் பொத்தான் போடுவதும் அக்கறையோடு கற்றுத் தருகிறார்கள்; அது பெரிய சேவை. ஆனால் பின்னக் கணக்கும் சூரியக் குடும்பமும் அங்கே கிடைப்பது அரிது. தினமும் அதே வண்ண மணிகளைக் கோத்துக்கொண்டிருக்கும் எட்டு வயதுக் கெட்டிக்காரன் சலிப்பில் கத்த ஆரம்பிக்கிறான், அதை ஆட்டிசத்தின் கடுமை என்று எழுதிவைக்கிறார்கள்.

இரண்டாவது நிலைப்பாடும் இதற்குச் சமமான முக்கியம் உடையது. எந்தப் பள்ளியானாலும் சரி என்பது தவறு. டெம்பிள் கிராண்டினை உங்களில் பலருக்குத் தெரியும். ஆட்டிசம் உள்ளவர், கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கால்நடை அறிவியல் பேராசிரியர். 1947-இல் பிறந்தவர். மூன்றரை வயது வரை பேச்சு வரவில்லை. முதலில் ஒரு சிறிய பள்ளி. வகுப்பில் குழந்தைகள் குறைவு, அனுபவமுள்ள ஆசிரியர்கள், வீட்டிலும் பள்ளியிலும் ஒரே விதிகள். அங்கே நன்றாக இருந்தார். பிறகு பெண்களுக்கான ஒரு பெரிய பள்ளிக்குப் போனார். கேலி தாங்கவில்லை. கேலி செய்த ஒரு பெண் மேல் புத்தகத்தை விட்டெறிந்ததற்காக அவரை வெளியேற்றினார்கள். அதற்குப் பிறகு நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு சிறிய உறைவிடப் பள்ளி. அங்கே தொடக்கத்தில் அவர் அதிகம் படிக்கவே இல்லை, குதிரை லாயத்தைக் கவனித்துக்கொண்டார். வில்லியம் கார்லாக் என்ற அறிவியல் ஆசிரியர் வந்து, அவருடைய பிடிவாதமான ஆர்வங்களையே படிப்பாக மாற்றினார். ஒரே பெண், மூன்று பள்ளிகள். அவருடைய மூளை மாறவில்லை. பள்ளி மாறியது.

ஆகவே, குழந்தையைச் சோதிக்க ஓடுவதைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு, பள்ளியைச் சோதியுங்கள். விளம்பரப் பலகையில் 'இன்க்ளூசிவ்' என்று போட்டிருப்பதைப் பார்க்காதீர்கள். ஸ்மார்ட் போர்டையும் பார்க்காதீர்கள். இடைவேளை நேரத்தில் தாழ்வாரத்தில் பத்து நிமிடம் நிற்க அனுமதி கேளுங்கள். ஆட்டிசக் குழந்தை தடுமாறுவது பெரும்பாலும் பாட வேளையில் இல்லை. வகுப்பில் விதி உண்டு, இடம் உண்டு, அடுத்து என்ன என்று தெரியும். அவன் சிதறிப்போவது காலை ப்ரேயர் மைக்கில், பி.டி. பீரியடில், டிபன் பாக்ஸ் திறக்கும்போது எழும் பத்து வகை வாசனையில், ஸ்கூல் வேனில், ஈரத் தரையும் எதிரொலியும் உள்ள கழிப்பறையில், பாடவேளை எல்லாம் கலைந்துபோகும் ஆண்டு விழா ஒத்திகை வாரங்களில். நன்றாகப் படிக்கும் குழந்தைகள் சிலர் காலையிலிருந்து மாலை வரை கழிப்பறைப் பக்கமே போகாமல் அடக்கி வைத்திருக்கிறார்கள். ரேங்க் கார்டில் அது தெரியாது.

தலைமை ஆசிரியரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "என் பிள்ளை ஒரு நாள் வகுப்பில் காதைப் பொத்திக்கொண்டு கத்தினால் நீங்கள் என்ன செய்வீர்கள்?" "உடனே உங்களுக்கு போன் பண்ணிடுவோம், வந்து கூட்டிட்டுப் போயிடுங்க" என்றால் அந்தப் பள்ளியில் உங்கள் பிள்ளைக்கு இடம் கிடைத்திருக்கிறது, இருப்பு கிடைக்கவில்லை. "அமைதியான அறை ஒன்று இருக்கிறது, அவனுக்குப் பழகிய மிஸ் கூட இருப்பார், அடங்கியதும் வகுப்புக்குத் திரும்புவான்" என்றால் கட்டடம் பழசாக இருந்தாலும் சேருங்கள். கல்வி உரிமைச் சட்டம் தொடக்க வகுப்புகளில் 30 குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியர் என்கிறது. 50 பேரை அடைத்து வைத்திருக்கும் புகழ்பெற்ற பள்ளியைவிட, 20 பேர் இருக்கும் பக்கத்துத் தெரு அரசுப் பள்ளி இந்தக் குழந்தைக்கு நல்லது என்று நான் பல வீடுகளில் வாதாடியிருக்கிறேன். கௌரவம் பார்க்கும் வீடுகளில் இது எடுபடுவதில்லை. ஆனாலும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

வகுப்பில் குழந்தையோடு கூடவே உட்காரும் ஷேடோ டீச்சர் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். நகரத்துத் தனியார் பள்ளிகள் பல, ஷேடோ டீச்சரோடு வந்தால் சேர்த்துக்கொள்கிறோம், சம்பளம் பெற்றோர் பொறுப்பு என்கின்றன. பள்ளியின் கடமையைப் பெற்றோர் தலையில் கட்டுவது அநியாயம். பணம் போனாலும் பரவாயில்லை என்று ஏற்பவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குழந்தையை ஒட்டியே ஒருவர் உட்கார்ந்திருந்தால் வகுப்பாசிரியர் அவனோடு பேசுவதை நிறுத்திவிடுகிறார். மற்ற குழந்தைகளும் அந்த அக்காவிடமே "இவன் ஏன் அழறான்?" என்று கேட்கிறார்கள், அவனிடம் கேட்பதில்லை. முதல் பருவத்தில் துணை தேவைப்படலாம். எப்போது ஒரு பெஞ்ச் தள்ளி உட்காருவார், எப்போது இடைவேளைக்கு மட்டும் வருவார், எப்போது விலகுவார் என்பதை முதல் நாளே எழுதி வையுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1995-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டப் பட்டியலில் ஆட்டிசமே கிடையாது. 2016-ஆம் ஆண்டின் சட்டம் 21 வகைக் குறைபாடுகளில் ஒன்றாக அதைச் சேர்த்தது. அதன் 16-ஆம் பிரிவின்படி, அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளி ஒவ்வொன்றும் பாகுபாடின்றிச் சேர்த்துக்கொண்டு, குழந்தைக்குத் தேவையான மாற்றங்களைச் செய்து தர வேண்டும். 31-ஆம் பிரிவு, 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள 6 முதல் 18 வயது வரையான குழந்தைக்கு இலவசக் கல்வி உரிமை தருகிறது. அருகமைப் பள்ளியா சிறப்புப் பள்ளியா என்ற தேர்வைக் குழந்தையிடமே விடுகிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, சேர்க்கைக்காகக் குழந்தையை வடிகட்டும் தேர்வு வைத்தால் முதல் முறை 25,000 ரூபாய், பிறகு ஒவ்வொரு முறையும் 50,000 ரூபாய் வரை அபராதம் என்கிறது. "இன்டர்வியூவில் கண்ணைப் பார்த்துப் பேசலை" என்று திருப்பி அனுப்பும் பள்ளிகளுக்கு இதை நினைவூட்டலாம். 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், தொடக்க வகுப்புகளில் இத்தகைய குழந்தைகள் 10 பேருக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேலான வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தைச் சொன்னது. அந்தப் பணியிடங்களைக் கணக்கிட்டு அறிவியுங்கள் என்று 2025 மார்ச்சில் மாநிலங்களுக்கு மறுபடியும் உத்தரவிட வேண்டிய நிலைதான் இருந்தது. உரிமை ஏட்டில் இருக்கிறது, ஆள் வகுப்பறையில் இல்லை. இதற்காகப் பெற்றோர் சேர்ந்து குரல் கொடுக்காவிட்டால் இன்னும் பல ஆண்டுகள் இப்படியே போகும்.

இங்கே கெட்டிக்காரக் குழந்தையின் பெற்றோர் ஒரு தயக்கம் காட்டுகிறார்கள். மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் வாங்கினால் முத்திரை விழுந்துவிடும், பள்ளியில் சொல்லாமலே ஓட்டிவிடலாம் என்கிறார்கள். சொல்லிவிடுங்கள் என்பதே என் கருத்து. சொல்லாத வீட்டில் குழந்தைக்கு நாள் முழுக்க நடிப்பு வேலை. கையை உதறக் கூடாது, ஆடக் கூடாது, கேள்வியைத் திரும்பச் சொல்லக் கூடாது. ஆறு மணி நேரம் அடக்கி வைத்ததெல்லாம் வீட்டு வாசலில் ஷூவைக் கழற்றும்போது வெடிக்கிறது. "ஸ்கூல்ல ஒரு கம்ப்ளெயின்ட் கிடையாது மேடம், வீட்டுக்கு வந்தாத்தான் பேயாட்டம்" என்பார்கள். பள்ளியின் செலவைத்தான் அந்தக் குழந்தை வீட்டில் கட்டுகிறது. பத்தாம் வகுப்பில் கூடுதல் நேரமோ சொல்வதை எழுதுபவரோ தேவைப்படும்போது சான்றிதழ் இல்லாமல் ஓடுவதைவிட, இப்போதே வாங்கி வைப்பது நல்லது.

பள்ளியை எப்போது மாற்றுவது? மதிப்பெண்ணைப் பார்த்தால் கடைசி வரை தெரியாது. தூக்கம் கெடுகிறதா, பழகிய திறமைகள் உதிர்கின்றனவா, கழிப்பறைப் பழக்கம் பின்னே போகிறதா, நகத்தையும் தோலையும் பிய்க்கிறானா, சீருடையைப் பார்த்ததும் வயிற்றுவலி வருகிறதா என்று பாருங்கள். ஒரு வாரம் இருந்தால் காத்திருக்கலாம். ஒரு பருவம் முழுக்க நீடித்தால் நூறு மதிப்பெண் வாங்கினாலும் அந்த இடம் அவனுக்குச் சரியில்லை. ஆறாம் வகுப்பில் விசேஷக் கவனம் வேண்டும். ஒரு மிஸ் இருந்த இடத்தில் ஏழு ஆசிரியர்கள் வருகிறார்கள், நட்பு என்பது விளையாட்டிலிருந்து பேச்சுக்கு மாறுகிறது. கெட்டிக்காரப் பையனிடம் "போய் மிஸ்ஸை இப்படிக் கூப்பிடு" என்று தூண்டிவிட்டு வேடிக்கை பார்க்கும் கூட்டம் அப்போதுதான் உருவாகிறது. அவன் அவர்களை நண்பர்கள் என்று நம்புகிறான். இதைவிடக் கொடியதை நான் பள்ளிகளில் பார்த்ததில்லை.

மாற்றுவதைத் தோல்வி என்று நினைக்க வேண்டாம். சிறிய பள்ளிக்கு மாறலாம். கொஞ்ச காலம் அரை நாள் பள்ளியும் அரை நாள் தெரபியுமாகப் போகலாம். தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பை ஐந்து பாடங்களோடு, விரும்பிய பாடங்களைத் தேர்ந்து, ஐந்து ஆண்டுகளில் ஒன்பது வாய்ப்புகளுக்குள் எழுதி முடிக்கலாம். அந்தச் சான்றிதழோடு மேலே படிக்கலாம். ஒன்பதாம் வகுப்பில் பள்ளி என்ற சொல்லைக் கேட்டாலே நடுங்கிய ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். அந்த வழியில் நிதானமாக ஒவ்வொரு பாடமாக எழுதினாள். இப்போது கல்லூரியில் புள்ளியியல் படிக்கிறாள்.

குழந்தையையும் கேளுங்கள். சட்டம் தேர்வை அவனுக்குக் கொடுத்திருக்கிறது, நாம்தான் கேட்பதே இல்லை. "ஸ்கூல் பிடிச்சிருக்கா?" என்றால் பிடிச்சிருக்கு என்று கடைசிச் சொல்லைத் திருப்பிச் சொல்வான், அதை நம்ப வேண்டாம். பள்ளியின் ஒவ்வோர் இடத்தையும் படம் எடுத்துக் காட்டி, பச்சை, சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லுங்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவன் எழுதுவான். ஒரு பையன் எல்லா இடத்துக்கும் பச்சை ஒட்டிவிட்டுத் தண்ணீர்க் குழாய்க்கு மட்டும் சிவப்பு ஒட்டினான். அங்கே பெரிய பையன்கள் தள்ளிவிடுகிறார்கள் என்பது அதன் பிறகுதான் தெரிந்தது. இந்தக் கணக்கெடுப்பை ஆண்டுக்கு ஒருமுறையாவது செய்து, அதை வைத்து அடுத்த ஆண்டுக்கு முடிவெடுங்கள். பன்னிரண்டு ஆண்டுக்கும் சேர்த்து இன்றே முடிவெடுக்க உங்களை யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

கடைசியாக, ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். வரும் ஜூனில் உங்கள் வகுப்புக்கு இப்படியொரு குழந்தை வரப்போகிறது என்று தெரிந்தால், பள்ளி திறப்பதற்கு முன், வகுப்பறை காலியாக இருக்கும்போது, ஒரு மணி நேரம் அவனை வரவழையுங்கள். அவன் உட்காரப்போகும் இடம், பை வைக்கும் இடம், கழிப்பறை, தண்ணீர்க் குழாய், கூட்டம் அதிகமானால் போய் நிற்க ஓர் இடம், எல்லாவற்றையும் காட்டுங்கள். மணி எப்படி அடிக்கும் என்று ஒருமுறை அடித்துக் காட்டுங்கள். இதற்கு அரசாணையும் வேண்டாம், நிதியும் வேண்டாம். தலைமை ஆசிரியர் சரி என்றால் போதும்.